புற்றுக்காளானும் புல்வெளிக் குடையும்

ஆனி பிறந்து நாலு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், ஐதராபாத்திலிருந்து விகாராபாத் போகும் சாலையோரத்தில் புதிதாகச் சில கூடைகள் வந்து உட்கார்ந்துவிடும். இலை பரப்பி, மேலே ஈரத்துணி போர்த்தி, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குடைகள். தெலுங்கில் இதற்குப் பெயர் ‘புட்டகொடுகு’. புட்ட என்றால் புற்று, கொடுகு என்றால் குடை. பிறந்த இடத்தையும் உருவத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். நாம் நாய்க்குடை என்கிறோம். வங்காளிகள் தவளைக்குடை என்கிறார்கள். இந்திக்காரர்களின் ‘குக்குர்முத்தா’ என்ற சொல்லுக்கு நான் இங்கே பொருள் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பழந்தமிழில் இதற்கு ஆம்பி என்று பெயர். புறநானூற்றில் 164-ம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்து நெடுநாளான தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்துவிட்டது என்று குமணனிடம் முறையிடுகிறார். சிறுபாணாற்றுப்படையிலும் ஓர் ஏழையின் அடுக்களையில் காளாம்பி வருகிறது. இரண்டு இடத்திலும் அது பசிக்கு அடையாளம், விருந்துக்கு அல்ல. அந்தப் பொருளைத்தான் நாம் இன்று காரை நிறுத்திப் பேரம் பேசி வாங்குகிறோம்.

நம்மில் பலர் மதுரைப் பக்கம், நெல்லைப் பக்கம், கொங்கு நாடு என்று எங்கிருந்தெல்லாமோ இங்கே வந்து முப்பது நாற்பது வருடம் ஆனவர்கள். சிறு வயதில் புற்றோரம் காளான் பறித்த நினைவு பலருக்கும் இருக்கும். அந்த நினைவை நம்பித்தான் இப்போது சிலர் குடியிருப்புப் புல்வெளியில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைகளைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில், குழந்தைகள் ஊஞ்சலுக்குப் பக்கத்துப் புல்லில், தட்டு அகலத்துக்கு ஒன்பது காளான்கள் வட்டமாக முளைத்தன. காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் ‘எங்க ஊர்க் காளான்தான்’ என்று மகிழ்ச்சியோடு பறித்துக்கொண்டு போனார். மதியம் ஒரு மணிக்குக் குழம்பு. மூன்றரை மணிக்கு வீட்டில் நான்கு பேருக்கும் விடாத வாந்தி, பேதி. எழுபத்துநாலு வயது அம்மாளுக்கு மாலைக்குள் கண் செருகிவிட்டது. இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றி, நல்ல வேளையாக நால்வரும் வீடு திரும்பினார்கள். தின்றது வேறொரு காளானாக இருந்திருந்தால் இந்த வரியை நான் இப்படி முடித்திருக்க முடியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நல்ல காளானைப் பார்ப்போம்.

ரயில்வேயில் என் வேலை பர்மனென்ட் வே. தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, மண்கரை எல்லாம் எங்கள் பொறுப்பு. மண்கரை என்றால் கரையான் இல்லாமல் இருக்குமா? மரத்தாலான ஸ்லீப்பர் இருந்த காலத்தில் கிரியோசோட் எண்ணெயில் ஊறப்போட்டதே கரையானுக்குப் பயந்துதான். விகாராபாத் - தாண்டூர் செக்‌ஷனில் நான் இருந்தபோது, எண்பதுகளில், மழைக்காலத்தில் லைன் பார்க்கப் போகும் கீமேன் ஒருவர் திரும்பி வரும்போது தலைத்துண்டில் எதையோ முடிந்து கொண்டுவருவார். காளான். அவர் அதைப் பிடுங்கி நான் பார்த்ததில்லை. கையிலிருக்கும் குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, வால் அறுபடாமல் எடுப்பார். அறுந்துவிட்டால் அதை அங்கேயே போட்டுவிட்டு நடப்பார். ‘வேரு லேது ஸார், ஒத்து’ என்பார். வேர் இல்லை, வேண்டாம். பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர் சொன்ன அந்த ஒரு விதி, பின்னால் நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் முதல் விதியாக இருந்தது.

அந்த வேர் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் விதி மறக்காது. கரையான் மரத்தையும் சருகையும் தின்கிறது என்று நினைக்கிறோம். நம் பக்கம் புற்றுக் கட்டும் ஒடோன்டோடெர்மிஸ் வகைக் கரையானால் மரத்திலுள்ள நார்ச்சத்தைத் தானாக முழுவதும் செரிக்க முடியாது. அரைகுறையாகச் செரித்த கூளத்தைப் புற்றுக்குள் தேனடை போலக் கட்டிவைக்கிறது. அந்த அடையில் ஒரு பூஞ்சை வளர்ந்து கூளத்தை மக்கவைக்கிறது. பக்குவமான அடையையும், அதன்மேல் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாகத் திரளும் முத்துக்களையும் கரையான் தின்கிறது. விவசாயமேதான். மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். மனிதன் ஏர் பிடித்துப் பத்தாயிரம் ஆண்டு சொச்சம்தான்.

புற்றுக்குள் இருக்கும் இந்தப் பூஞ்சைத் தோட்டத்தை உலகுக்கு முதலில் எழுதிச் சொன்னவர் நம் தஞ்சைச் சீமையில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தரங்கம்பாடிக்கு 1768ல் வந்த கேனிக் என்ற மருத்துவர், லின்னேயஸின் மாணவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையான்களைத் தோண்டிப் பார்த்து 1779ல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பின்னாளில் கம்பெனி வேலையில் இருந்து, 1785ல் காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில் காலமானார். நம்மைப் போலவே தமிழ் மண்ணிலிருந்து தெலுங்கு மண்ணுக்கு வந்தவர்! இந்தப் பூஞ்சை இனத்துக்கு டெர்மிடோமைசிஸ் என்ற பெயரை 1942ல் வைத்தவர் ரோஜர் ஹெய்ம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. தென்னிந்தியாவில் காணும் ஒரு வகைக்கு, அவர் பெயரையே சேர்த்து டெர்மிடோமைசிஸ் ஹெய்மி என்று 1979ல் பெயரிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். இந்த இனத்தில் உலகிலேயே பெரியது ஜாம்பியாவில் இருக்கிறது. அதன் குடை மூன்றடி அகலம் வரை விரியும். ஒரு காளானை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு விற்பார்கள்.

சரி, மழை வந்து மண் ஊறியதும் புற்றின் ஆழத்திலிருக்கும் அந்த அடையிலிருந்து காளான் மேலே கிளம்புகிறது. ஒரு முழம், சில சமயம் அதற்கும் மேல், கெட்டி மண்ணைத் துளைத்துக்கொண்டு வரவேண்டும். அதற்காகத்தான் குடையின் நடுவில் ஒரு முனை, துளைபோடும் உளி மாதிரி. வகைக்கு வகை கூர்மை கூடும், குறையும். ஆனால் விரிந்த பிறகும் அந்த மேடு சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் நடுவில் நிற்கும். கீழே தண்டு மண்ணுக்குள் இறங்கி, மெலிந்து, வேர் போல நீண்டு அடைவரை போகும். கீமேன் தேடிய வால் இதுதான். மற்ற காளான்கள் மண்ணின் மேல்தளத்தில் முளைக்கின்றன. இது பாதாளத்தில் முளைக்கிறது.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. ஜப்பானிலும் அப்படியே சொல்வார்களாம். அங்கே இவாத்தே பல்கலைக்கழகத்தில் காளான் கட்டைகளுக்கு உயர்மின் அழுத்தத்தைக் கணநேரம் செலுத்திப் பார்த்து, விளைச்சல் கூடியதாக 2010 வாக்கில் அறிவித்தார்கள். நம் பாட்டிகளுக்கு வோல்ட் மீட்டர் தேவைப்படவில்லை. அது கிடக்கட்டும்.

இப்போது புல்வெளிக் குடைக்கு வருவோம். இதன் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைடிஸ். வாயில் நுழையாவிட்டால் பச்சைத்தூள் காளான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் புரியும். மொட்டாக இருக்கும்போது முரசு அடிக்கும் குச்சி போல உருண்டைத் தலை. இரண்டு நாளில் விரிந்து முக்கால் அடி, ஒரு அடி அகலம்கூட வரும். வெள்ளை மேனியில் நடுவில் பழுப்புத் திட்டு, அதைச் சுற்றி உதிர்ந்த செதில்கள். தண்டில் தடித்த வளையம். வளையத்தை விரலால் மேலும் கீழும் நகர்த்தலாம். அடியில் சற்றே உப்பிய குமிழ், அதோடு சரி, வேர் கிடையாது. மக்கிய புல்லும் எருவும்தான் அதற்கு உணவு. ஆகவே நாம் செம்மண்ணும் தொழுவுரமும் கொட்டி வளர்க்கும் புல்வெளி அதற்குச் சொர்க்கம். வட்டமாக முளைப்பதும் அதன் வழக்கம். அமெரிக்காவில் காளான் தின்று வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் மிக அதிகம் பேர் தின்றது இதைத்தான்.

இளசாக இருக்கும்போது இதன் அடிமடல்கள் தூய வெள்ளை. புற்றுக்காளானின் மடல்களும் அப்போது வெள்ளை. இங்கேதான் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். முற்றினால் ஒன்று பச்சை கலந்த சாம்பல் ஆகும், மற்றது இளஞ்சிவப்பு ஆகும். ஆனால் முற்றும் வரை யார் காத்திருக்கிறார்கள்? நமக்கு மொட்டுதானே ருசி.

எங்கள் இலாகாவில் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதே, கேஜை வைத்துப் பார். காளானுக்கும் ஒரு கேஜ் இருக்கிறது, செலவில்லாதது. நன்றாக விரிந்த குடை ஒன்றின் தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒட்டிய காகிதத்தின்மேல் மடல் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால் மடலின் வரிகள் அப்படியே தூளில் அச்சாகியிருக்கும். காளானின் வித்துத்தூள் அது. புற்றுக்காளான் என்றால் வெளிறிய ரோஜா நிறம். புல்வெளிக்காரன் என்றால் மங்கிய பச்சை. வெள்ளையாக விழுந்தால் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்குமுன், நிறம் ஒன்றை மட்டும் நம்பவும் கூடாது. ரோஜாத் தூள் விழும் நச்சுக்காளான் இனமும் உண்டு. என்டலோமா என்பார்கள். அதன் மடல்கள் தண்டைத் தொட்டு ஒட்டியிருக்கும். புற்றுக்காளானில் மடல்கள் தண்டைத் தொடாமல் சற்று விலகி நிற்கும். வேரும் தனியாகப் போதாது. மண்ணில் புதைந்த மரத்துண்டிலிருந்து எழும் வேறு சில காளான்களுக்கும் நீண்ட வால் உண்டு. அவற்றின் தூள் வெள்ளை. வளையம் இருக்கிறதா என்பதோ ஒன்றுக்கும் உதவாத கேள்வி. நடராஜன் பெயரிட்ட ஹெய்மிக்கே தண்டில் வளையம் உண்டு, மற்றப் புற்றுக்காளான்கள் பலவற்றுக்கு இல்லை. ஆக, புற்றடையில் போய் முடியும் வேர், விலகி நிற்கும் மடல், ரோஜாத் தூள் ஆகிய மூன்றும் ஒரே காளானில் ஒத்துவர வேண்டும். இரண்டு ஒத்து ஒன்று ஒத்துவராவிட்டால் நான் தொடமாட்டேன்.

‘புற்றின் மேலேயே முளைத்தது, இன்னும் என்ன சந்தேகம்’ என்று கேட்பார்கள். தக்காணத்தின் வறண்ட புற்றுகளில் பொடாக்சிஸ் என்று ஒன்று வரும். லின்னேயஸ் 1771லேயே பட்டியலில் சேர்த்த இந்தியக் காளான். குடை விரியாது, மூடிய தொப்பி மாதிரியே நின்று உள்ளே கறுத்துத் தூளாகிவிடும். இளசில் இதைத் தின்பவர்களும் உண்டு. நான் சொல்ல வருவது, இடத்தை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக்கூடாது என்பதே. தோண்டும்போது பாம்பையும் நினைவில் வையுங்கள். இந்த ஊரில் நாகுல சவிதிக்குப் பெண்கள் புற்றுக்குப் பால் ஊற்றுவது வெறும் கதைக்காக அல்ல.

வெள்ளைத் தூளுக்கு வருகிறேன். அமானிட்டா என்ற குடும்பத்தில் ‘மரணத்தொப்பி’ என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்ட காளான் ஒன்றும், அதன் உறவுக்காரர்கள் சிலரும் இருக்கிறார்கள். வெள்ளை மடல், வெள்ளைத் தூள், தண்டில் பாவாடை போன்ற வளையம், அடியில் உடைந்த முட்டை ஓடு போல ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணம் மண்ணுக்குள் இருக்கும். மேலோடு நறுக்கி எடுப்பவன் கண்ணில் படாது. மறுபடியும் பாருங்கள், சாட்சி மண்ணுக்கடியில்தான். இவை பெரும்பாலும் மரவேர்களோடு கூட்டு வைத்து வாழ்பவை. கோடைக்கானல், நீலகிரிப் பைன் தோப்புகளில் சிவப்பில் வெள்ளைப் பொட்டிட்ட அமானிட்டாவைச் சுற்றுலா போனவர்கள் படம் எடுத்திருப்பார்கள். அதுவும் நச்சுதான், ஆனால் மரணத்தொப்பி அளவுக்கு இல்லை. வடகிழக்கு மாநிலங்களில் நிலைமை வேறு. 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர், ஒரு குழந்தை உட்பட, சில நாட்களுக்குள் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

இந்த நஞ்சின் தந்திரம் பொறுமை. தின்றவுடன் ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் கழித்துத்தான் வாந்தி பேதி தொடங்கும். அடுத்த நாள் நின்றுவிடும். பிழைத்தோம் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் செல்கள் புரதம் செய்யும் வேலை அடியோடு நின்று, அவை செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. அதன்பின் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை ஒன்றே வழி. கொதிக்கவைத்தாலும், காயவைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் இந்த நஞ்சு போகாது. பாதித் தொப்பி ஓர் ஆளுக்குப் போதும்.

ஊர்விட்டு ஊர் போனவர்களை இது அதிகம் பிடிக்கிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியவர்கள், தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று எண்ணி மரணத்தொப்பியைத் தின்று இறந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் 2012 புத்தாண்டு சமயத்தில் இதே காளானைத் தின்ற இருவர் உயிர் போயிற்று. வைக்கோல் காளானுக்கும் அடியில் கிண்ணம் உண்டு, ஆனால் தூள் ரோஜா நிறம். தங்கள் ஊரில் அவர்கள் கற்றது சரியான பாடம்தான். அந்தப் பாடத்தில் இல்லாத காளான் புது ஊரில் முளைத்தது. நெல்லையில் புற்றுக்காளான் பறித்தவருக்கு ஐதராபாத் புல்வெளி புது ஊரே.

வீட்டுச் சோதனைகள் என்று நம்மிடையே சில உலவுகின்றன. காளானோடு பூண்டோ வெங்காயமோ வேகவைத்துக் கறுக்கிறதா பார்ப்பது, வெள்ளிக் கரண்டி போடுவது, அரிசி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பது, தோல் உரிந்தால் நல்லது என்பது. ஒன்றுகூட உண்மை இல்லை. மரணத்தொப்பியில் வெள்ளி கறுக்காது, நத்தை அதை நிம்மதியாகத் தின்னும், பிழைத்தவர்கள் ருசியாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்த மதியமும் பூண்டு போட்டுப் பார்த்துத்தான் குழம்பு வைத்தார்களாம். பூண்டு வெள்ளையாகவே இருந்ததாம்!

கூடைக்காரியிடம் வாங்குகிறவர்கள் வேரோடு இருப்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். விகாராபாத் பக்கத்துப் பெண்கள் பலர் வேரை விட்டே வைத்திருப்பார்கள், ஒன்றை உடைத்து மணம் பார்க்கவும் கொடுப்பார்கள். தண்டு நறுக்கிய கலப்படக் கூடையை விலை மலிவு என்று எடுக்காதீர்கள். பலவகைக் காளான்களைக் கலந்து சமைக்காதீர்கள்.

தப்பித் தவறி ஏதாவது நேர்ந்துவிட்டால், உப்பு கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியம் வேண்டாம், அதனாலேயே உயிருக்கு ஆபத்து வரும். 108ஐக் கூப்பிடுங்கள். இந்த ஆம்புலன்ஸ் சேவையே 2005ல் நம் ஐதராபாத்தில்தான் தொடங்கியது. சமைக்காத காளான் மீதி இருந்தால் அடிப்பகுதியோடு காகிதத்தில் பொதிந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் அழுகிவிடும். எத்தனை மணிக்குத் தின்றோம், எத்தனை மணிக்கு வாந்தி வந்தது என்ற இரண்டையும் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் வந்தது பெரும்பாலும் வயிற்றோடு போகும். ஆறு மணி நேரத்துக்குமேல் தாமதித்து வந்தால் கல்லீரல் ஆபத்து என்று அந்தக் கணக்கே அவருக்குச் சொல்லும். இரண்டு வகையும் கலந்து தின்றிருந்தால் சீக்கிரம் வந்த வாந்தியை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஒரே குழம்பைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்களையும் கூடவே அழைத்துப் போக வேண்டும். டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, காளான் ஆசையும் விடவில்லை, வேர் தோண்டவும் வழியில்லை என்பவர்களுக்குப் பால்காளான் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் கண்டெடுத்து 1974ல் பெயரிடப்பட்ட கலோசைபே இண்டிகா. அதைப் பயிராக்கி, ஏ.பி.கே-2 என்ற ரகமாக 1998ல் வெளியிட்டது நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பெயரிலுள்ள ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டை. முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெயிலிலும் விளையும், தண்டு தடித்து வெள்ளையாக இருக்கும், பறித்த பிறகும் சில நாள் கெடாது. புளிக்குழம்புக்கு மிளகு தூக்கலாகப் போட்டால் நன்றாகவே இருக்கிறது. கீமேன் வீட்டில், அவர் மனைவி புற்றுக்காளானோடு கோங்குரா சேர்த்து வைத்த குழம்பின் ருசி வராது. புற்றுக்காளானை வணிக அளவில் பயிராக்க எத்தனையோ பேர் முயன்றுவிட்டார்கள். அந்த வித்தை இன்னும் கரையானிடம்தான் இருக்கிறது.